டெக்னிக்கலில் தள்ளிவிட்டால் எங்கே போவது? ஐ.ஈ.எம், 16-ஆம் பிரிவு, விஜிலென்ஸ்: எது எதற்கு?

பீன்யா_ஃபிட்டர் (கேள்வி)

வணக்கம். பெங்களூர் பீன்யா பக்கத்திலிருந்து மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கும் கர்நாடக அரசுத் துறைகளுக்கும் டெண்டர் போடுகிற சின்ன யூனிட்டுகள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். விலையைத் திறப்பதற்கு முன் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் பிட்டிலேயே "தகுதி நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுகிறார்கள். எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் பார்க்க மேலே ஒரு போர்டு இருக்கிறது, அங்கே எழுதினால் டெண்டரையே நிறுத்திவிடுவார்கள் என்கிறார் ஒருவர். ஐ.ஈ.எம்-முக்கு எழுது என்கிறார் இன்னொருவர். ஓசூர்க்காரர் 10 நாளுக்குள் அப்பீல் போடச் சொல்கிறார். அந்த இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்களை யார் நியமிக்கிறார்கள், எதைச் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, எதற்கு இல்லை? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

---

ஜாலஹள்ளி_ஸ்டோர்ஸ்

மத்திய அரசு பக்கத்தை நான் சொல்கிறேன். எல்லாக் கொள்முதலையும் மேலிருந்து பார்க்கிற ஒரே போர்டு என்று எதுவும் கிடையாது. அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2012-இல் பொதுக் கொள்முதல் மசோதா மக்களவைக்கு வந்தது. சுயேச்சையான குறைதீர் குழுக்களுக்கு அதில் இடம் இருந்தது. 2014-இல் சபை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. இப்போது அமைச்சகங்களுக்கு ஜி.எஃப்.ஆர் 2017 என்ற பொது நிதி விதிகள், பொதுத்துறை நிறுவனங்களுக்கு அவரவர் கொள்முதல் கையேடு. நிபந்தனையையோ நிராகரிப்பையோ கேள்வி கேட்க பிட்டருக்கு டெண்டர் ஆவணத்திலேயே வழி வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஃப்.ஆர் 173-ஆம் விதி சொல்கிறது. அதனால் கையிலிருக்கும் டெண்டரின் பின்பகுதியை முதலில் புரட்டுங்கள்.

போர்டு என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஐ.ஈ.எம் என்ற சுயேச்சையான வெளிக் கண்காணிப்பாளர்களின் குழுவைத்தான். இன்டெக்ரிட்டி பேக்ட் என்ற நேர்மை ஒப்பந்தம் உள்ள டெண்டர்களில் மட்டுமே அது வரும். நிறுவனம் தன் வரம்பை வைத்திருக்கும், அந்தத் தொகைக்கு மேற்பட்ட டெண்டருக்கு ஒப்பந்தப் படிவம் இணைந்து வரும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கடைசியில் சாட்சிகள். கையெழுத்திடாமல் பிட் போட்டால் அங்கேயே முடிந்தது.

யார் அவர்கள்? செயலர் நிலையில் ஓய்வு பெற்றவர்கள், பெரிய பொதுத்துறை நிறுவனங்களின் முன்னாள் தலைவர்கள், ராணுவத்தின் மேல்மட்ட அதிகாரிகள் போன்றவர்கள். சி.வி.சி, அதாவது மத்திய விஜிலென்ஸ் ஆணையம், ஒரு பேனல் வைத்திருக்கிறது, நியமனம் அதன் வழியாகவே நடக்கும். அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவரை அங்கே போட மாட்டார்கள். நியமிக்கும்போது வயது 70-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, ஓரிடத்தில் 3 வருடம், ஒரே சமயத்தில் 3 நிறுவனங்களுக்கு மேல் கூடாது. மகாரத்னா, நவரத்னா என்ற பெரிய பொதுத்துறை நிறுவனங்களில் 3 பேர் வரை, மற்றவற்றில் 2 பேர். பெங்களூரில் எச்.ஏ.எல், பி.ஈ.எல் போன்றவை அந்த 3 பேர் வகையில் வரும்.

அதிகாரம் என்று பார்த்தால், கோப்பு முழுவதையும் வரவழைத்துப் படிக்கலாம், இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்கலாம், தலைமை நிர்வாகிக்குப் பரிந்துரை எழுதலாம். அவ்வளவுதான். தடை உத்தரவு போட முடியாது, எல்-1-ஐ, அதாவது குறைந்த விலை சொன்னவரை, மாற்ற முடியாது. முறைகேடு பெரிதாகத் தெரிந்தால் அந்த நிறுவனத்தின் தலைமை விஜிலென்ஸ் அதிகாரிக்கு நேரடியாக எழுதலாம். பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் நிர்வாகத்தின் கையில். ஆனாலும் 3 பேர் சேர்ந்து கையெழுத்திட்ட பரிந்துரையைக் காரணம் எழுதாமல் ஒதுக்க எந்த சி.எம்.டி-யும் தயங்குவார். அதன் பலமே அதுதான்.

ஜெம் என்ற அரசின் இணையக் கொள்முதல் போர்ட்டலில் போட்ட பிட் என்றால் கணக்கே வேறு. டெக்னிக்கல் முடிவு வெளியானதும் 48 மணி நேரத்துக்குள் போர்ட்டலிலேயே ஆட்சேபம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு வந்து, திங்கட்கிழமை காலையில் லாகின் செய்தால் அந்தப் பட்டனே இருக்காது.

---

அல்சூர்_வக்கீல்

மாநில டெண்டருக்கு மேலே சொன்ன எதுவும் ஒட்டாது. இங்கே கே.டி.பி.பி என்ற கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1999. விதிகள் 2000-ஆம் வருடத்தவை. இந்தச் சட்டத்தில் டெண்டரை அழைப்பவர் ஒருவர், ஏற்பவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவே பரிசீலனைக் குழு. குழு மதிப்பிட்டு அறிக்கை தரும், ஆனால் 13-ஆம் பிரிவில் உத்தரவு போடுவது ஏற்கும் அதிகாரிதான். அதனால் அப்பீலில் குழுவின் மேல் குற்றம் சொல்லி நாலு பக்கம் எழுதுவது வீண். உத்தரவில் எங்கே தவறு என்று எழுதுங்கள்.

அப்பீல் 16-ஆம் பிரிவில். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். ஓசூர் நண்பர் சொல்லும் 10 நாள் தமிழ்நாட்டின் 1998 சட்டம், 11-ஆம் பிரிவு. அங்கே அரசிடம் அப்பீல், அரசு 15 நாளில் முடிக்க வேண்டும். ஓசூரில் ஒரு யூனிட், பொம்மசந்திராவில் ஒரு யூனிட் என்று வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். 10 என்று நினைத்து 30-ஐ எதிர்கொண்டால் நஷ்டமில்லை, மறுபக்கம் நினைத்தால் போயிற்று.

கர்நாடகத்தில் அப்பீலைக் கேட்பவர் தனி வாரியமோ நீதிபதியோ இல்லை. விதிகளில் குறித்த மேலதிகாரி. துறைக்குள்ளேயே முடிகிற விஷயம் என்பதால் வாய்ப்பேச்சு எடுபடாது, தாள்தான் பேசும். இன்னொன்று: போர்ட்டலில் "டெக்னிக்கலி டிஸ்குவாலிஃபைட்" என்று நிலை மாறுவது 13-இன் கீழ் வந்த உத்தரவா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டாம். நிலை மாறிய தேதியிலிருந்தே 30 நாளை எண்ணுங்கள், அன்றே காரணம் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2022-இல் கர்நாடக அரசு அறிவித்த குழுவையும் சிலர் புகார் போர்டு என்று நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில், நிதி, தொழில்நுட்பம் தெரிந்தவர்களோடு, 50 கோடிக்கு மேற்பட்ட டெண்டர்களைப் பார்ப்பதற்கானது. ஆனால் அது பார்ப்பது டெண்டர் வெளியாவதற்கு முன்னால், எஸ்டிமேட்டையும் நிபந்தனைகளையும். தள்ளப்பட்ட பிட்டரின் குறையைக் கேட்கிற இடம் அது இல்லை.

ஐ.ஈ.எம் விஷயத்தில் யாரும் சொல்லாத ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஐ.ஈ.எம்-மிடம் புகார் நிலுவையில் இருக்கும்போது கோர்ட்டுக்குப் போகக் கூடாது, அவர்கள் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சி.வி.சி-யின் நடைமுறை சொல்கிறது. அறிக்கை தர பல படிவங்களில் 8 முதல் 10 வாரம் அச்சாகியிருக்கும். அதற்குள் பிரைஸ் பிட் திறந்து, ஆர்டரும் போய், வேலையும் தொடங்கியிருக்கலாம். பிறகு ரிட் போட்டால் 2006-இல் ஜகதீஷ் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த இரண்டு கேள்விகள் வரும்: முடிவு உள்நோக்கத்தோடு, அல்லது நியாயமான எவரும் எடுக்க முடியாத அளவுக்குத் தான்தோன்றித்தனமாக எடுக்கப்பட்டதா? பொதுநலன் பாதிக்கப்பட்டதா? பாதி முடிந்த வேலையை நிறுத்துவது பொதுநலன் என்று நிரூபிப்பது லேசான காரியமில்லை. ஆகவே எந்தப் பக்கம் போவது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.

---

சிவாஜிநகர்_கணக்கு

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. புகார்களில் பாதி அங்கேதான் சாகின்றன.

முதல் வரியில் டெண்டர் எண், பிட் எண், திறந்த தேதி. அடுத்து நிராகரித்த காரணம், அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே. அதற்குக் கீழே டெண்டரின் எந்தப் பிரிவு, அதற்கு நீங்கள் ஏற்றிய எந்த ஃபைல், எந்தப் பக்கம். ஏற்றிய நேரம் தெரிகிற ஒப்புகைச் சீட்டை இணையுங்கள். "வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற வரி வேண்டாம். அது இருந்தால் கடிதம் புகாராக மாறி விஜிலென்ஸ் பக்கம் திரும்பிவிடும், உங்கள் தகுதிப் பிரச்சினை ஓரத்தில் நின்றுவிடும். ஐ.ஈ.எம் என்றால் ஒருவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் ஒரே மெயிலில். அவர்கள் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் உங்கள் ஃபைலையே ஒருமுறை சந்தேகக் கண்ணோடு பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் சான்றிதழில் ஆடிட்டரின் யூ.டி.ஐ.என் என்ற ஆவண அடையாள எண் இருக்கிறதா? 18 இலக்கம். 2019 பிப்ரவரியிலிருந்து ஆடிட்டர் தரும் எல்லாச் சான்றிதழுக்கும் அது கட்டாயம். எண் இல்லாத சான்றிதழைத் தள்ளினால் எந்தக் குழுவும் உங்கள் பக்கம் நிற்காது. சப்ளை ஆர்டர் நகலை மட்டும் வைத்துவிட்டு, வேலை முடித்த சான்றிதழை விடுவது அடுத்தது. ஆர்டர் கிடைத்தது என்பது வேறு, முடித்துக் கொடுத்தது என்பது வேறு. மூன்றாவது, கடைசி நாளுக்கு முன் வந்த திருத்த அறிவிப்பைப் பார்க்காமல் பழைய படிவத்தையே ஏற்றுவது.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு யூனிட்டுகளுக்கு மத்திய டெண்டர்களில் முன்வைப்புத் தொகை விலக்கும், எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் விலையைச் சமன்செய்து ஆர்டரில் பங்கு பெறும் வாய்ப்பும் 2012 கொள்முதல் கொள்கையில் உண்டு. அதைக் கண்காணிக்கும் மறுஆய்வுக் குழுவுக்கு எம்.எஸ்.எம்.ஈ செயலர்தான் தலைவர். ஆனால் அது கொள்கையைப் பார்க்கிற குழு. உங்கள் ஒரு டெண்டரை எடுத்து விசாரிக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

---

பீன்யா_ஃபிட்டர்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. நேராக டெல்லியில் சி.வி.சி-க்கே எழுதினால்? நிபந்தனையே ஒருவருக்காக வெட்டித் தைத்த மாதிரி இருந்தால்?

---

ஜாலஹள்ளி_ஸ்டோர்ஸ்

சி.வி.சி என்பது மத்திய விஜிலென்ஸ் ஆணையரும் அதிகபட்சம் 2 விஜிலென்ஸ் ஆணையர்களும். பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் அடங்கிய குழு பரிந்துரைத்து, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர்களின் புகார்க் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது: டெண்டர் பற்றிய புகாரை விசாரிக்கச் சொல்வோம், டெண்டர் நடப்பதில் தலையிட மாட்டோம். அதாவது 2 வருடம் கழித்து ஒரு அதிகாரிமேல் நடவடிக்கை வரலாம், உங்களுக்கு ஆர்டர் வராது. பெயரில்லாக் கடிதத்தை எடுக்கவே மாட்டார்கள். மாநிலத் துறை டெண்டர் அவர்கள் எல்லைக்குள்ளேயே இல்லை.

வெட்டித் தைத்த நிபந்தனை என்றால் பிட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். ப்ரீ-பிட் கூட்டத்துக்கு முன் எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். "பம்ப் இம்பெல்லர் இந்த பிராண்டுதான்" என்று இருந்தால், அதே வேலையைச் செய்யும் உலோகத் தரம், அளவு, சோதனை முறை மூன்றையும் எழுதி "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும். வாயை மூடிக்கொண்டு பிட் போட்டு, தள்ளிய பிறகு நிபந்தனை தப்பு என்றால், ஐ.ஈ.எம்-மும் சரி, அப்பீல் அதிகாரியும் சரி, கேட்கிற முதல் கேள்வி "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" உள்நாட்டுத் தயாரிப்பாளரை வெளியே தள்ளுகிற நிபந்தனை என்றால் 2017 மேக் இன் இந்தியா உத்தரவு இருக்கிறது. தொழில் மேம்பாட்டுத் துறையான டி.பி.ஐ.ஐ.டி-யின் செயலர் தலைமையிலான நிலைக்குழு அதைப் பார்க்கும். அங்கேயும் டெண்டர் மூடுவதற்கு முன் எழுதினால்தான் ஏதாவது பிரயோஜனம்.

---

அல்சூர்_வக்கீல்

ஒன்று சேர்க்கிறேன். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது என்பதற்காக நேர்மை ஒப்பந்தம் அன்றே முடிவதில்லை. வழக்கமான படிவத்தில் ஆர்டர் பெற்றவருக்குக் கடைசிப் பணம் வாங்கி 12 மாதம் வரை, மற்ற பிட்டர்களுக்கு ஆர்டர் கொடுத்து 6 மாதம் வரை அது உயிரோடு இருக்கும். எல்-2-ஆக நின்றவர் அந்த 6 மாதத்துக்குள் ஐ.ஈ.எம்-முக்கு எழுதலாம். உங்கள் படிவத்தில் ஒப்பந்தக் காலம் என்ற பிரிவில் எத்தனை மாதம் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.