குட்டிக் கால்களுக்கு ஏற்ற திட்டம்: தீம் பார்க் செயலிகளும் சிறு குழந்தைகளும் (இணைய மன்ற அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அல்சூர் அம்மா

விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து சிங்கப்பூர், ஹாங்காங், டோக்கியோ என்று கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இந்த இழை. 3 முதல் 7 வயதுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, ரைடுகளைத் திட்டமிட்டுத் தரும் செயலிகளைப் பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள். பயணக் கதை வேண்டாம். அடுத்தவர் அப்படியே செய்து பார்க்கிற அளவுக்கு விவரம் வேண்டும்.

நான் உயரத்திலிருந்து தொடங்குகிறேன். செயலியைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் தடிமனான புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு டேப்பால் அளந்து பாருங்கள். மாலையில் அளந்து பாருங்கள். நாள் முழுக்க ஓடியாடிய பிறகு முதுகெலும்பு சற்று அமுங்கி, காலையில் இருந்த உயரத்தைவிட அரை செ.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. வரை குறைந்திருக்கும். பிற்பகல் நான்கு மணிக்கு ரைடு வாசலில் கோலை வைத்து அளப்பவருக்குக் கிடைக்கப்போவது இந்த மாலை உயரம்தான்.

அந்த எண்ணை வைத்து, குழந்தை ஏற முடியாத ரைடுகளைப் பட்டியலிலிருந்து கழியுங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏற 102 செ.மீ., ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் படகுக்கு 107, ‘ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி’ ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் அயர்ன் மேனுக்கு 102, பிக் கிரிஸ்லி மவுண்டனுக்கு 112, ஆர்.சி. ரேசருக்கு 120. 2023 நவம்பரில் அங்கே திறந்த ஃப்ரோசன் பகுதியில் சறுக்கு வண்டிக்கு 95 வேண்டும். பக்கத்திலேயே உள்ள படகுச் சவாரிக்கு உயர வரம்பே கிடையாது. 98 செ.மீ. குழந்தைக்கு இந்தக் கணக்கில் பெரிய ரைடுகள் பாதிக்கு மேல் போய்விடும். அதைப் பார்த்த பிறகுதான், காசு கொடுத்து வரிசையில் முந்திப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும். வீட்டில் இருவர் மட்டுமே ஏறக்கூடிய ரைடுகளுக்காக நால்வருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவதுதான் பலருக்கும் நேரும் பெரிய பண இழப்பு.

மாரத்தஹள்ளி கணக்கு

அக்கா சொன்ன கழித்தல்தான் முதல் படி. அடுத்தது, செயலி என்ன கணக்குப் போடுகிறது என்று புரிந்துகொள்வது.

இரண்டு வகை இருக்கிறது. டூரிங் பிளான்ஸ் போன்றவை உங்களுக்கு வரிசைக்கிரமம் போட்டுத் தருபவை. டிஸ்னி வேர்ல்ட், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட், யுனிவர்சல் ஆர்லாண்டோ என்று அமெரிக்கப் பூங்காக்களுக்கு நன்றாக உதவும். கியூ டைம்ஸ் போன்ற தளங்கள் டோக்கியோ, ஹாங்காங் உட்படப் பல பூங்காக்களின் காத்திருப்பு நேரத்தைப் பதிந்து வைப்பவை. திட்டத்தை நாம்தான் போட வேண்டும்.

முதல் வகையில் தேதி, வரும் நேரம், ரைடுகள், நடை வேகம் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு ரைடுக்கும் மணிக்கு மணி மாறும் காத்திருப்பை ஊகித்து, மொத்தக் காத்திருப்பும் நடையும் குறையும்படி அடுக்கித் தருகிறது. ஆப்டிமைஸ் என்பதை அழுத்தினால் அதுவே வரிசையை மாற்றும். எவாலுவேட் என்பதை அழுத்தினால் நீங்கள் வைத்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு நேரம் மட்டும் சொல்லும். சிறு குழந்தை உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும். ஆப்டிமைஸ் செய்யும்போது ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க பூங்காவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கவைத்துவிடும். ஒரு முறை ஆப்டிமைஸ் செய்யுங்கள், பிறகு பக்கத்துப் பக்கத்து ரைடுகளைக் கையால் சேர்த்து வையுங்கள், அதன்பின் எவாலுவேட் செய்யுங்கள். மொத்த நேரம் அரை மணிக்குள் கூடினால் உங்கள் வரிசையே நல்லது.

நடை வேகத்தை எப்போதும் மிக மெதுவாக வையுங்கள். 400 மீட்டர் பெரியவருக்கு ஐந்து நிமிடம். நான்கு வயதுக் குழந்தை வழியில் பலூனைப் பார்த்து நின்று வந்தால் பத்து நிமிடம்.

செயலிக்குத் தெரியாத சில்லறை நேரங்கள்தான் திட்டத்தைக் கவிழ்ப்பவை. ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டி) நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து ஸ்ட்ரோலரைத் தேடிப் பிடிக்க ஒரு ரைடுக்கு நான்கைந்து நிமிடம். வரிசையில் நுழையும் முன் கழிப்பறைக்குக் கூட்டிப்போக எட்டு நிமிடம். எட்டு ரைடு என்றால் இதுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதை இடைவேளையாக உள்ளே போட்டுவிடுங்கள்: இரண்டு ரைடுக்கு ஒரு முறை 25 நிமிடம். மதிய உணவுக்கு 60, தூக்கத்துக்கு 90. இடைவேளைகளை முதலில் பதிந்துவிட்டு, மீதி இடத்தில் ரைடுகளைப் போடுங்கள். ரைடுகளைப் போட்டுவிட்டு இடைவேளைக்கு இடம் தேடினால் கிடைக்காது.

பலகையில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரம் பூங்கா சொல்வது. பெரும்பாலும் உண்மையில் நிற்பது அதைவிடக் குறைவு. ஆனாலும் குழந்தை இருந்தால் பலகை எண்ணையே கணக்கில் வையுங்கள். மிச்சமாகும் நிமிடங்கள் தானாகச் செலவாகிவிடும்.

ஒயிட்ஃபீல்டு அப்பா

தூக்கத்துக்கு 90 நிமிடம் சரி. எந்த 90 நிமிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையத்தில் உள்ள ஆலோசனை ஏறக்குறைய அனைத்தும் ‘கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள்’ என்கிறது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது சரி. நம் குழந்தைகள் பெங்களூர் நேரத்தைச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8:30க்கு வாசலில் நிற்பது, குழந்தையின் உடம்புக்கு விடியற்காலை 5 மணி. வீட்டில் மதியம் 1:30க்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே மாலை 5 மணிக்குத்தான் கண் சொருகும். இரவு 9 மணி என்பது உடம்புக்கு மாலை 5:30, நன்றாக விழித்திருக்கும். ஆகவே முதல் இரண்டு நாளில் பூங்காவை வைத்தால், 10:30க்கு உள்ளே போய், 4:30 முதல் 6 வரை ஸ்ட்ரோலரில் தூங்கவைத்து, முக்கிய ரைடுகளை 6 மணிக்குமேல் போடுங்கள். உள்ளூர்க் குழந்தைகள் சோர்ந்து கிளம்பும் அந்த நேரத்தில் சிறுவர் ரைடுகளில் வரிசையும் குறையும்.

சிங்கப்பூர், ஹாங்காங்குக்கு வித்தியாசம் இரண்டரை மணி. அங்கே தூக்கம் 4 மணியில் விழும்.

கலிஃபோர்னியா நேர்மாறு. கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். முதல் சில நாள் குழந்தை இரவு 3 மணிக்கே எழுந்துவிடும். அங்கே கதவு திறக்கும் நேரத்துத் திட்டம் அழகாக நடக்கும்; மதியம் 1 மணிக்குமேல் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

இன்னொன்று. திட்டத்தை இங்கிருந்தே போன் காலண்டரில் போடுகிறவர்கள் நேர மண்டலத்தை மாற்றாமல் போட்டுவிடுகிறார்கள். இங்கே 12:30 என்று போட்ட நினைவூட்டல் டோக்கியோவில் இறங்கியதும் மாலை 4:00 ஆக மாறி நிற்கும். நிகழ்வைப் பதியும்போதே மண்டலத்தை டோக்கியோ என்று தேர்ந்தெடுங்கள். அல்லது காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காகிதம் மாறாது.

கம்மனஹள்ளி

டோக்கியோ டிஸ்னி பூங்காவின் சொந்தச் செயலி பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற இரண்டு பாஸ் இருக்கிறது. பிரீமியர் அக்சஸ் பணம் கட்டி வாங்குவது. அதில் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பிரையாரிட்டி பாஸ் இலவசம். இரண்டையும் பூங்காவுக்குள் நுழைந்த பிறகே எடுக்க முடியும். இலவச பாஸ் ஒன்றை எடுத்தால், அதன் நேரம் தொடங்கும்போதோ 120 நிமிடம் கழிந்தோ, எது முந்தியதோ அப்போது அடுத்ததை எடுக்கலாம். திரும்பி வர ஒரு மணி நேர இடைவெளி தருவார்கள். அந்த ஒரு மணி நேரம் தூக்கத்தில் விழுந்தால் பாஸ் வீண். அதனால் தூக்க நேரத்தைத் தொடும் பாஸ் கிடைத்தால் எடுக்காதீர்கள். வேறு ரைடுக்குப் பாருங்கள். தூக்கத்துக்குப் பிறகு உறுதியாக ஏற வேண்டிய ரைடுக்கு மட்டும் காசு கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3 வயது வரை அங்கே டிக்கெட்டே தேவையில்லை, 4 வயதிலிருந்து 11 வரை குழந்தைக் கட்டணம். டிக்கெட் இல்லாத குழந்தைக்கு பாஸும் வேண்டாம், பெரியவரோடு போகலாம். டிக்கெட் உள்ள எல்லோரையும் ஒரே போனில் குழுவாகச் சேர்த்து, பாஸ் எடுக்கும்போது எல்லாப் பெயருக்கும் குறியிட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் வாசலில் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

அங்கே உள்ள இன்னொரு டிஸ்னி பூங்காவான டிஸ்னிசீக்குப் போகிறவர்களுக்கு: 2024 ஜூனில் திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியில் பீட்டர் பான் ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும். அன்னா, எல்சா படகுச் சவாரிக்கு உயர வரம்பு இல்லை, தானாக நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். ரபுன்செல் படகும் சின்னவர்களுக்கு ஏற்றது.

பணம் கட்டும் இடத்தில் சிக்குவது ஓ.டி.பி.யில். உள்ளூர் இ-சிம் போட்டுவிட்டு இந்திய சிம்மை அணைத்துவிட்டால் வங்கியின் குறுஞ்செய்தி வராது. இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்து, டேட்டாவை மட்டும் இ-சிம்முக்கு மாற்றுங்கள். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்து, வரம்பையும் ஏற்ற வேண்டும். இதைக் கெம்பேகவுடா விமான நிலையத்தில் அல்ல, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

பனசங்கரி

ரைடர் ஸ்விட்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே? சிங்கப்பூரில் சைல்டு ஸ்வாப் என்கிறார்கள். குழந்தைக்கு உயரம் போதாத ரைடில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஏறலாம். செயலியில் இதை எப்படிப் போடுவது?

மாரத்தஹள்ளி கணக்கு

ரைடுக்கு உடனே பின்னால், அதே இடத்தில், ஒரு இடைவேளையாகப் போடுங்கள். ரைடு ஓடும் நேரம் கூட்டல் பத்து நிமிடம். ஐந்து நிமிட ரைடு என்றால் 15. வரிசையில் நிற்பது ஒரு முறைதான். கூடுவது இரண்டாவது ஆள் ஏறி இறங்கும் நேரமும் குழந்தையைக் கைமாற்றும் நேரமும்.

வாசலில் ஊழியரிடம் குடும்பமாகப் போய்ச் சொல்ல வேண்டும். ஒருவர் வரிசையில் போன பிறகு இன்னொருவர் தனியாக வந்து கேட்டால் பெரும்பாலும் நடக்காது. ஒரு நாளைக்கு இரண்டு ரைடுக்குமேல் இதைச் செய்யாதீர்கள். வெளியே காத்திருக்கும் சின்னக் குழந்தைக்கு அந்த நாள் முழுக்க அடுத்தவர் ஏறுவதைப் பார்ப்பதாகவே போய்விடும். அது நியாயமில்லை.

கெங்கேரி

வெளிநாட்டுக்குப் போகும் முன், பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள வண்டர்லா தீம் பார்க்கில் ஒத்திகை பாருங்கள் என்பேன். டூரிங் பிளான்ஸில் வண்டர்லா கிடையாது, ஆகவே கூகுள் ஷீட்டில் நாமே போட வேண்டும். அதுவே நல்ல பயிற்சி.

ஷீட்டின் பத்திகள் (நெடுவரிசைகள்): ஏ ரைடு, பி குறைந்தபட்ச உயரம், சி வரிசை நிமிடம், டி ஓடும் நிமிடம், இ நடை, எஃப் சில்லறை நேரம், ஜி தொடங்கும் மணி. ஜி2-வில் உள்ளே நுழையும் நேரத்தைப் போடுங்கள். ஜி3-ல் சூத்திரம்: ஜி2 + (சி2 + டி2 + இ2 + எஃப்2) / 1440. எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டி, முன்னால் சமக்குறி போட வேண்டும். பிறகு கீழே இழுத்துவிட்டால் நாள் முழுதும் நிரம்பும். 1440 எதற்கு என்றால், ஷீட் ஒரு முழு நாளை 1 என்று எண்ணுகிறது. ஒரு நாளில் 1440 நிமிடம். அதை விட்டுவிட்டால் 40 நிமிடத்தை 40 நாளாகக் கூட்டும், மணி மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். ஏன் நேரம் நகரவில்லை என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஒத்திகையின் பயன் எஃப் பத்தியில்தான். உங்கள் குழந்தைக்குக் கழிப்பறை, தண்ணீர், அழுகை, சமாதானம் எல்லாம் சேர்த்து ஒரு ரைடுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அன்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ரைடுக்குக் குறித்தால் சராசரி கிடைத்துவிடும். டோக்கியோவிலும் அந்த எண் பெரிதாக மாறாது.

வண்டர்லாவில் தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை கூடாது, நைலான் வேண்டும். உடை மாற்றலுக்குக் குழந்தைக்கு 20 நிமிடம் தனி வரியாகவே போடுங்கள். தண்ணீரில் இறங்கிய குழந்தை அதன்பின் தரை ரைடுக்கு வராது; தரை ரைடுகளை முன்னால் வையுங்கள். குழந்தைக் கட்டணம் வயதை வைத்தல்ல, உயரத்தை வைத்து, அதற்கும் முதல் பதிவில் சொன்ன அளவு உதவும். ஊதா வழி மெட்ரோ சல்லகட்டா வரை வந்துவிட்டதால் மைசூர் சாலை நெரிசலில் பாதியைத் தவிர்க்கலாம்; அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர் அம்மா

எஃப் பத்தி அருமை சார். அதோடு இன்னொன்று: நடுவில் ரைடு நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். சிங்கப்பூரில் இடி மின்னல் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு வெளிப்புற ரைடுக்கும் எதிரே, ஐந்து நிமிட நடைக்குள் கூரைக்குக் கீழே உள்ள ஒரு ரைடையோ காட்சியையோ ஹெச் பத்தியில் எழுதிவிட்டால் மழையில் நின்று போனைத் தேய்க்க வேண்டாம். டூரிங் பிளான்ஸில் என்றால், முடித்த ரைடுகளுக்குக் குறியிட்டுவிட்டு மீதியை மட்டும் மறுபடி ஆப்டிமைஸ் செய்யலாம்.

போனை எப்போதும் ஒருவரே பார்க்கட்டும், மற்றவர் கையில் குழந்தை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை கூட்டத்தில் நழுவுகிறது. 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று போதும், ஆனால் கேபிள் இரண்டு எடுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீடு 91 சேர்த்து எழுதி வையுங்கள். வெறும் பத்து இலக்கத்தை அங்கே உள்ள ஊழியர் அழைத்தால் மணியடிக்காது.