புதுப்பிப்பு: பிரயாப்சிஸ் பாசிக்கு ஃப்ளூகோனசோல் போட்ட பிறகு

பவளத் தொட்டியில் பறவை இறகு மாதிரி கிளைக்கும் பிரயாப்சிஸ் பாசி பற்றி முன்பு எழுதியிருந்தேன். மெக்னீசியத்தை 1600 பிபிஎம்முக்கு மேல் ஏற்றியபோது நுனிகள் கருகின. பாறைத் துளைக்குள் இருந்த அடிப்பகுதி சாகாததால் மறுபடி துளிர்த்தது. இப்போது ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து முடிந்தது, பாசி போய்விட்டது.

அளவு லிட்டருக்கு சுமார் 5 மி.கி. கணக்கிட வேண்டியது உண்மையான நீர் அளவை: சம்ப்பையும் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து, பாறை, மணலின் இடத்தைக் கழித்து. 200 லிட்டருக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 150 மி.கி. மாத்திரையில் 7. அவற்றைப் பொடித்து அரை லிட்டர் ஆர்ஓ நீரில் நன்றாகக் கலக்கி, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். கார்பன் பையைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். யுவி விளக்கு, ஓசோன் கருவி இரண்டும் நிறுத்தம். ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) அதன் கழிவுக் கோப்பையில்லாமல் ஓட்டலாம், ஆக்சிஜன் குறையாது.

முதல் வாரம் எதுவும் நடக்காதது போலத்தான் தெரியும். அவசரப்பட்டு இரண்டாம் டோஸ் வேண்டாம். பிறகு பச்சை வெளிறி, இழைகள் கையோடு வரும். 2 முதல் 3 வாரம் தண்ணீர் மாற்றாமல் பொறுங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அழுகும் பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தண்ணீருக்கே திருப்பிவிடும், பின்னாலேயே சிவப்புச் சயனோ பாக்டீரியா படரும். அதனால் தளர்ந்த பாசியை சைஃபன் குழாயால் உறிஞ்சி, வடிகட்டிப் பையில் பிடித்து, தண்ணீரைத் தொட்டிக்கே விடுங்கள். முடிவில் 25% நீர் மாற்றம், புதுக் கார்பன்.

பாஸ்பேட் இப்போது 0.08 பிபிஎம். பூஜ்யத்துக்கு இறக்கப் போவதில்லை. அங்கே டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம்) காத்திருக்கிறது.