ஷிட்சூவுக்குப் பச்சைக்கறி: மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வருகிறது, தாடியில் வாடை. என்ன செய்யலாம்?

கோகோ_கோவை:
வணக்கம். எங்கள் வீட்டு ஷிட்சூ நாய் ஆண், நாலு வயது, 6 கிலோ. பாக்கெட் தீனி போட்டால் சொறிந்துகொண்டே இருக்கிறான் என்று ஒரு மாதம் முன்பு பச்சைக்கறிக்கு, அதாவது வேகவைக்காத இறைச்சிக்கு மாற்றினோம். ஒரு நாளைக்கு 150 கிராம்: 120 கிராம் கோழிக் கழுத்து, 30 கிராம் கோழி ஈரல். நாய்க்கு என்று சொன்னால் கடைக்காரரே கழுத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். தட்டைப் பார்த்தாலே குதிக்கிறான், முடியும் பளபளவென்று இருக்கிறது.

பிரச்சினை இரண்டு. மலம் வெளுத்துப்போய், தொட்டால் உதிர்கிற மாதிரி வருகிறது. முக்கி முக்கிக் கத்துகிறான். நடுவில் ஒரு நாள் மட்டும் கருப்பாக இளகிப் போனான். அடுத்தது தாடி. சாப்பிட்டு முடிப்பதற்குள் ரத்தமும் கொழுப்பும் ஊறி, சாயங்காலம் கிட்டே போக முடியவில்லை. வீட்டில் வயதான மாமியார், இரண்டு வயதுக் குழந்தை. குழந்தை அவன் முகத்தோடு முகம் வைத்துத்தான் விளையாடுவாள். பச்சைக்கறியை நிறுத்த மனசில்லை, வழி சொல்லுங்கள்.

மதுரை_மணி:
மொத்த அளவு சரிதான். வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது கணக்கு. உள்ளே இருக்கிற பங்கீடுதான் தப்பு. பச்சைக்கறி போடுகிறவர்கள் பொதுவாகப் பின்பற்றுவது 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 ஈரல், 5 வேறு உள்ளுறுப்பு. கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு எலும்புதான், தோலை உரித்துவிட்டால் இன்னும் கூடும். 120 கிராம் கழுத்து என்றால் 40 கிராமுக்குக் குறையாமல் எலும்பு. 15 இருக்க வேண்டிய இடத்தில் 40 போனால் சுண்ணாம்பாகத்தான் வரும். ஈரலும் அப்படித்தான், 7-8 கிராம் போதும். 30 கிராம் போட்டால் கருப்பாக இளகும். அதோடு வைட்டமின் ஏ உடம்பிலேயே தங்கும், அது நல்லதில்லை.

நான் இரண்டு சிப்பிப்பாறை நாய் வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது: கழுத்து 40 கிராம், எலும்பில்லாத தொடைக்கறி 95, ஈரல் 8, ஆட்டுக் கிட்னியோ சுவரொட்டியோ (மண்ணீரல்) 7. தினமும் இதை நிறுக்க முடியாது. வாரத்துக்கு 50 கிராம் ஈரல் என்று வாங்கிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தை முழுசாகப் போடவே கூடாது. சப்பை மூக்கு நாய் மெல்லாது, அப்படியே விழுங்கும். அந்தக் கழுத்து அதன் தொண்டை அளவுக்கே இருக்கும். கடையிலேயே கைமாவாக அடித்துத் தரச் சொல்லுங்கள். நாலைந்து நாள் எலும்பை அடியோடு நிறுத்தி, வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு ஸ்பூன் கலந்து கொடுங்கள்.

செல்வி_குரூமிங்:
அக்கா, எலும்புக் கணக்கு இருக்கட்டும், முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஷிட்சூ, லாசா மாதிரி நீள முடி நாய்களுக்கு மலத்துளையைச் சுற்றி இருக்கிற முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து மூடி போட்ட மாதிரி அடைத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் முடி மட்டும்தான் தெரியும், விரலால் விலக்கினால்தான் அடியில் இருக்கிற தட்டு கையில் படும். மலச்சிக்கல் என்று எங்கள் கடைக்கு வருகிறவற்றில் இதுவும் உண்டு. கத்தரிக்கோல் போடாதீர்கள், தோல் வெட்டுப்படும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, டிரிம்மரால் எடுங்கள். தாடியை ஒட்ட வெட்டி, உடம்பு முடியையும் குட்டையாக்கி பப்பி கட் அடித்துவிட்டால் வாடை பாதி குறையும். குட்டைத் தட்டில் வைத்து, சாப்பிட்டதும் துடைத்துக் காய வையுங்கள். ஈரமாக விட்டால் மோவாயில் புண் வரும்.

கோகோ_கோவை:
செல்வி, பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையாக ஒட்டியிருந்தது. ஊறவைத்து எடுத்ததும் அடியில் தோல் சிவந்து கிடக்கிறது. மணி அண்ணா, கைமாவுக்குச் சொல்லிவிட்டேன். ஆட்டுக் கிட்னியையும் பச்சையாகவே போடலாமா?

கால்நடை_மாணவி:
வேண்டாம். இறுதியாண்டு படிக்கிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்டு ஈரல், நுரையீரலில் சில சமயம் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். கிட்னி, மண்ணீரலிலும் வரலாம். அது எக்கினோகாக்கஸ் என்கிற நாடாப்புழுவின் பருவம். பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் புழு வளரும், முட்டை மலத்தில் வரும், பின்பக்க முடியில் ஒட்டும். குழந்தை தடவிவிட்டுக் கையை வாயில் வைத்தால், அதே கட்டி குழந்தையின் ஈரலில் உருவாகும். நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆட்டு உள்ளுறுப்பு என்றால் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் தர வேண்டும்.

கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். வீட்டு ஃப்ரீசர் இவற்றைக் கொல்லாது, தூங்க வைக்கும். நாய்க்கு நோய்க்குறியே இல்லாமல் மலத்தில் வெளியேறலாம். உங்கள் விஷயத்தில் ஊறிய தாடியும் சேர்ந்துகொள்கிறது. 2018-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. நாய்களுக்குப் பின்னங்கால் தளர்ந்து மேல்நோக்கிப் பரவுகிற ஒரு நரம்புப் பாதிப்பை, பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து, அதன் வழியே வரும் கேம்பிலோபாக்டர் இவற்றோடு தொடர்புபடுத்தியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே வேகவைக்காத இறைச்சி வேண்டாம் என்றது. ஐந்து வயதுக்குள் குழந்தையும் முதியவரும் இருக்கிற வீட்டுக்கு நான் பச்சைக்கறியைச் சொல்லவே மாட்டேன்.

அப்புறம், அந்தக் கருப்பு. இளகினால் ஈரல்தான் காரணம் என்று விடலாம். தார் போல ஒட்டினால் குடலில் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். இரண்டு நாள் மலமே போகாமல் வாந்தியும் எடுத்தால் எக்ஸ்ரே அவசியம்.

மதுரை_மணி:
தங்கச்சி, என் நாய்கள் வருஷக்கணக்காகப் பச்சைக்கறிதான் தின்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. வேகவைத்தால் பாதிச் சத்து போய்விடாதா?

கால்நடை_மாணவி:
அண்ணா, உங்கள் சிப்பிப்பாறைக்குத் தாடி கிடையாது, அதன் முகத்தில் முகம் வைக்கக் குழந்தையும் கிடையாது. வேகும்போது பி வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், உண்மை. வெந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். புரதம் எங்கும் போகாது. மாற வேண்டியது எலும்பு மட்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும், ஆகவே எலும்பையே நிறுத்திவிட்டு, கால்சியத்துக்கு முட்டை ஓட்டுக்கு வாருங்கள். 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் 10-15 தான். கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது இருக்க வேண்டும். ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் விரலுக்கு நெருடாத மாவாக அரையுங்கள். அரைக் கிலோ கறிக்கு 3 கிராம். தாராளமாக அள்ளிப் போடாதீர்கள், இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது சகஜம்.

இதுவும் முழுச் சாப்பாடு ஆகிவிடாது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ குறையும். வாரம் இரண்டு முறை வேகவைத்த மத்தித் துண்டு கொடுங்கள், மீதிக்கு மருத்துவரிடம் சத்துப் பொடி எழுதி வாங்குங்கள். மட்டன் கொழுப்பு வேண்டாம், சின்ன நாய்களுக்குக் கணையம் வீங்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பில் வெந்த கறியைக் கழுவிப் போட்டாலும் ஆகாது.

சொறிச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. பழைய பாக்கெட்டிலும் கோழிதானே? கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பச்சையாகப் போட்டாலும் சொறியும். முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சியைப் பார்த்துவிட்டு, அவன் இதுவரை சாப்பிடாத ஒரு கறியை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பாருங்கள்.

கோகோ_கோவை:
ஆமாம், கோழிதான். இப்போதும் சொறிச்சல் குறையவில்லை, முடி பளபளப்பைப் பார்த்து நான்தான் அதைக் கவனிக்கவில்லை போல. முயல்கறி கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். மாமியாருக்கு இனிமேல் நிம்மதி, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் கழுத்து டப்பா இருக்காது. கடைசியாக ஒன்று: 150 கிராம் என்பது வேகவைப்பதற்கு முன்பா, பின்பா?

கால்நடை_மாணவி:
முன்பு. வெந்ததும் நூறு, நூற்றிப்பத்துக்கு இறங்கிவிடும், பயந்து கூட்டிப் போடாதீர்கள். ஏழெட்டு நாளில் மெதுவாக மாற்றுங்கள், வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். இந்த வாரமே மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிக்வான்டெல் உள்ள புழு மருந்தாக எழுதித் தரச் சொல்லுங்கள்.