புதுப்பிப்பு: நெரிசலில் மட்டும் கார் சூடாகும் பிரச்சினை தீர்ந்தது

தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் வெப்ப முள் சிவப்புக்கு ஏறுகிறது, வண்டி வேகமெடுத்தால் தானாக இறங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டத்தைப் பாருங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. கேஸ் குழாயைக் கழற்றாமல், ஏசி கண்டென்சரின் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி கேஸைக் குளிர்விக்கும் பகுதி) போல்ட்டை மட்டும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தோம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி, பூச்சி, தேங்காய் நார் எல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது! இன்ஜின் ஆறிய பிறகு, உள்பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி சாதாரண ஹோஸில் கழுவினோம். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் (காற்று புகும் மெல்லிய உலோகத் தகடுகள்) மடங்கிவிடும். இப்போது ஏசி போட்டு நெரிசலில் நின்றாலும் முள் நடுவைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மாற்றத் தேவைப்படவில்லை.

கூலன்டையும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றினோம், கிணற்றுத் தண்ணீர் இல்லை, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி.

எதிர்பாராதது ஒன்று: வண்டி நிற்பது குளச்சல் கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றில் அரித்து, கீழ்வரிசை ஃபின்கள் தொட்டாலே உதிர்கின்றன. ரேடியேட்டருக்கே சீக்கிரம் செலவு வரும் என்கிறார் மெக்கானிக்.