நியூசிலாந்து வரலாற்றை எந்த வருஷத்திலிருந்து தொடங்குவது?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில் இருக்கிறார்கள். ‘இந்த நாடு வளர்ந்த கதையில் முக்கியமான கட்டங்கள்’ என்று பேத்தி பள்ளியில் ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். ராத்திரி வீடியோவில் கூப்பிட்டு, “நீங்கதானே தாத்தா வரலாற்று வாத்தியார்” என்று என் தலையில் கட்டிவிட்டாள். நான் நடத்தியது இந்திய வரலாறு. தேடிப் பிடித்த பட்டியல் இது: 1642 கடலோடி டாஸ்மன் வந்தது, 1769 குக் வந்தது, 1840 மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்த வைத்தாங்கி ஒப்பந்தம், 1893 பெண்களுக்கு ஓட்டு, 1907 டொமினியன் (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி நாடு), 1947இல் சட்டம் இயற்றும் முழு அதிகாரம். வருஷமெல்லாம் சரிதான், ஆனால் வரிசையாகப் படித்தால் ஆளே இல்லாத தீவில் வெள்ளைக்காரர் போய் வீடு கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. மாவோரிகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் இல்லையா? எதை எடுப்பது, எதை விடுவது?

சூரமங்கலம் பத்திரக்காரர்:
ஐயா, 1840ஐ நடுவில் வையுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு அங்கேதான் கண் போகிறது. பிப்ரவரி 4 ராத்திரி ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகன் எட்வர்டும் உட்கார்ந்து ஆங்கில வாசகத்தை மாவோரிக்கு மாற்றினார்கள், 6ஆம் தேதி கையெழுத்து. ஆங்கிலப் படியில் தலைவர்கள் இறையாண்மையை அப்படியே ராணிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரிப் படியில் கொடுப்பது ‘காவனதங்கா’, அதாவது கவர்னர் பார்க்கிற நிர்வாகம், அவ்வளவுதான். நிலம், ஊர், உடைமை எல்லாவற்றின் மேலும் ‘ரங்காதிராதங்கா’, தலைவருக்குரிய அதிகாரம், அவர்களுக்கே என்று உறுதி சொல்கிறது. கையெழுத்து வைத்த 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் வைத்தது இந்த மாவோரிப் படியில்.

எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு படியில் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் கிரயம்’, இன்னொன்றில் ‘மேற்பார்வை’. போன வருஷம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் மடியிலிருந்து பழைய பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். போக்கியம் என்று சொல்லித்தான் அவர் அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார்களாம், உள்ளே கிரயம் என்று எழுதியிருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து காகிதம் தூளாகிக்கொண்டிருந்தது, அந்தக் கைரேகை மட்டும் கருப்பாக அப்படியே இருந்தது. வைத்தாங்கியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

நாகலூர் காப்பித்தோட்டம்:
இதற்கு அடுத்த அடி 1863. ஹாமில்டனைச் சுற்றியுள்ள வைக்காட்டோ வட்டாரத்தில் மாவோரிகள் மேல் அரசு தொடுத்த போர், அதே வருஷம் கொண்டுவந்த பறிமுதல் சட்டம், வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் போனது. ஐயா, உங்கள் பேத்தி இருக்கிற ஹாமில்டனே அந்த நிலத்தில் எழுந்த ஊர்தான்! படையில் சேர்ந்தால் நிலம் என்று சொல்லி ஆள் எடுத்து 1864இல் குடியேற்றினார்கள். அதற்கு முன்பே அந்த இடத்துக்கு கிரிகிரிரோவா என்று பெயர் இருந்தது. அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எங்கள் சேர்வராயன் மலையிலும் இதே கதைதான், கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்ததிலிருந்துதான் வரலாறு என்பார்கள். மலையாளி சனங்கள் (கேரளத்தவர் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்) சாமையும் கேழ்வரகும் போட்ட கொல்லைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது ரொம்ப நாள் மனக்குறை.

அப்புறம் 1881 நவம்பர் 5, பரிஹாகா என்ற மாவோரி கிராமம், அதை விட்டுவிடாதீர்கள். தெ விட்டி, தோஹு என்று இரண்டு பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆயுதமே தொடாமல், பறிபோன நிலத்தில் போய் ஏர் ஓட்டி, சிறைக்குப் போய், திரும்பவும் ஏர் ஓட்டிய சனங்கள். ஏறக்குறைய 1,600 பேர் அரசுப் படையாக ஊருக்குள் நுழைந்தபோது வழியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவை குழந்தைகள். வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். அப்போது காந்திக்கு 12 வயது.

அம்மாப்பேட்டை டு வெலிங்டன்:
நான் இங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பறிகொடுத்த கதையோடு நிறுத்தினால் பாதி நாடுதான் தெரியும். 1893 செப்டம்பர் 19ஐக் கட்டாயம் சொல்லுங்கள். கேட் ஷெப்பர்டும் அவரோடு இருந்த பெண்களும் மதுவிலக்குச் சங்கத்திலிருந்து வந்தவர்கள். குடி வீட்டைக் கெடுக்கிறது, ஓட்டு இல்லாமல் சட்டத்தை மாற்ற முடியாது என்றுதான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 1937இல் மதுவிலக்கை முதலில் பார்த்தது நம்ம சேலம் ஜில்லா, நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவோரிப் பெண்களுக்கும் அதே சட்டத்தில் ஓட்டு கிடைத்தது.

1882இல் ‘டனீடின்’ கப்பல் உறைய வைத்த இறைச்சியோடு லண்டன் போனதையும் ஒரு வரி சேர்க்கலாம், நாட்டுக்குக் காசு வந்த வழி அது. 1907ஐ விட்டாலும் குறையில்லை. ஒப்பந்தத்தை அரசு மீறியது என்கிற மாவோரிகளின் புகாரை விசாரிக்க 1975இல் வைத்தாங்கி தீர்ப்பாயம் வந்தது. 1985இல் அதன் வரம்பை விரித்து, 1840 முதல் நடந்த பழைய புகார்களையும் விசாரிக்க வைத்தார்கள். 1995இல் எலிசபெத் ராணி இங்கே வந்து வைக்காட்டோ மக்களிடம் மன்னிப்பு கேட்கிற சட்டத்தில் கையெழுத்திட்டார், 170 மில்லியன் டாலர் மதிப்புக்கு நிலமும் பணமும் ஈடு.

இன்னொன்று, நம்முடைய சங்கதி. இங்கே தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு உடைந்த வெண்கல மணி இருக்கிறது, 13 சென்டிமீட்டர்தான். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றித் தமிழ் எழுத்து! முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று. முதன்முதலில் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. பேத்தியிடம் சொன்னேன். கிரிகிரிரோவா என்ற பெயரை ஊருக்குள் பலகைகளில் பார்த்திருக்கிறாளாம், எதற்கு என்று கேட்டதில்லையாம். 1864இல் தொடங்கி, அங்கிருந்து 1840க்குத் திரும்பிப் போய், பரிஹாகா, 1893, 1995 என்று முடிப்பதாகத் தீர்மானம். குக் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மணியைப் பற்றி மட்டும் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். வெலிங்டன் தம்பி, எழுத்து தெளிவாகத் தெரிகிற படம் இருந்தால் போடுங்கள், வியாழக்கிழமை பேச வேண்டும்.