கடுகண்ணாவையில் தட்டிய எஞ்சின் றம்பொடையில் ஏன் தட்டவில்லை? 92, 95 ஒக்டேன் பெற்றோல் அனுபவங்கள்

நானுஓயாக்காரன்:

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணனை அழைத்துவரக் கட்டுநாயக்கா போயிருந்தேன். திரும்பும்போது காரில் ஐந்து பேர், டிக்கியில் மூன்று பெட்டிகள், ஏசி முழு வேகத்தில். உச்சி வெயில். மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் முன்னால் ஒரு லொறி. கியரை மாற்றச் சோம்பல்பட்டு நான்காவதிலேயே மிதித்தேன். தகரப் பேணியில் நாலைந்து ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல பொனட்டுக்குள் ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் வருகிறது. பாறையைக் குடைந்த பழைய வழிக்குப் பக்கத்தில் நிறுத்தித் திறந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"விலை குறைந்த எண்ணெய் அடித்தால் இப்படித்தான்" என்றார் அண்ணன். பேராதனையில் அரைத் தாங்கி 92க்கு மேல் 95ஐ நிரப்பினேன். புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று அதைவிடக் கொடிய ஏற்றம் முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. அன்றிலிருந்து மூன்று மாதம் 95தான். போன மாதம் ஒரு நாள் பெற்றோல் செட்டில் 95 முடிந்துவிட்டது. வேறு வழியின்றி 92 அடித்துக்கொண்டு லபுக்கலை வரை போய்வந்தேன். அப்போதும் சத்தம் இல்லை! அப்படியானால் மூன்று மாதமாக எதற்குக் கூடுதல் காசு கொடுத்தேன்? என்னுடையது 1500 சிசி ஜப்பான் கார், கையால் கியர் மாற்றுவது, பன்னிரண்டு வயது. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மூன்று சில்லு, ஹட்டன்:

அண்ணா, நான் ஆட்டோக்காரன், எனக்கு எப்போதும் 92. ஒரே ஒரு முறை 95 அடித்தேன், அதுவும் ஆசைப்பட்டு அல்ல. 2022 ஓகஸ்ட், எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டிப் பங்கீடு வாங்கிய காலம். ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று பம்புக்குப் போனால் 92 முடிந்துவிட்டது என்றார்கள். 92 லீற்றர் 450 ரூபாய், 95 லீற்றர் 540 ரூபாய். வெறும் கையோடு திரும்ப மனம் வரவில்லை, 95ஐயே வாங்கினேன். அந்த ஐந்து லீற்றரும் தீரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். குடாகமை ஏற்றத்தில் அதே இரண்டாவது கியர், அதே முக்கல். பை மட்டும் இலேசாகிவிட்டது.

தட்டல் என்றால் என்னவென்று அதற்கு முன்பே கற்றுக்கொண்டேன். வரிசை உச்சத்தில் இருந்த நாட்களில் ஒருவர் போத்தலில் விற்ற பெற்றோலை வாங்கி ஊற்றினேன். அரைவாசி மண்ணெண்ணெயாக இருந்திருக்க வேண்டும். பின்னால் புகை, எஞ்சினில் சம்மட்டிச் சத்தம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக் கரி.

கந்தப்பளை ஆசிரியை:

எங்கள் வீட்டில் 95க்கு வேறொரு மகிமை உண்டு. ஜனவரிக் குளிரில் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் "92 அடித்தாய் அல்லவா" என்பார் கணவர். ஒரு தை மாதம் முழுவதும் 95 அடித்தோம். கார் அப்படியே அடம்பிடித்தது. பெப்ரவரியில் பற்றரியை மாற்றினோம். இப்போது எதை அடித்தாலும் முதல் சாவியிலேயே பிடிக்கிறது. அவர் இன்னும் 95ஐத்தான் நம்புகிறார், அது வேறு கதை.

வெலிமடை கராஜ்:

நானுஓயாத் தம்பி, உங்கள் கதையில் பேராதனைக்குப் பிறகு ஒன்றல்ல, நாலு விஷயங்கள் மாறியிருக்கின்றன. பெயரை 95 வாங்கிக்கொண்டது.

ஒக்டேன் எண் பெற்றோலின் பொறுமையை அளக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் சூடாக்கினாலும் பிளக்கின் பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாத பொறுமை. ஐசோஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு எடுத்த எண் அது. ஒரு லீற்றருக்குள் இருக்கும் சக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பொறி கிளப்பிய தீ சிலிண்டர் முழுவதும் பரவுமுன், ஓரத்தில் மிஞ்சிய கலவை தானாக வெடித்தால் நீங்கள் கேட்ட ஆணிச் சத்தம் வரும். அதைத்தான் நாங்கள் நொக் என்கிறோம்.

இனி உங்கள் பயணத்தைப் பாருங்கள். கடுகண்ணாவை ஏற்றம் உச்சியிலேயே ஏறத்தாழ 500 மீற்றர்தான். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். சிலிண்டர் இழுக்கும் காற்றே குறைவு, ஆகவே பிஸ்டன் மேலே வரும்போது உண்டாகும் அழுத்தமும் குறைவு. பலம் குறைந்து எஞ்சின் முக்கும், ஆனால் தட்டாது. இரண்டாவது, வெயில் போய்ப் பனிமூட்டம் வந்துவிட்டது. உள்ளே போன காற்று குளிர்ந்த காற்று. மூன்றாவது, றம்பொடை வளைவுகளில் நீங்கள் விரும்பினாலும் நான்காவது கியரில் போக முடியாது. இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, ஓரத்துக் கலவை தானாக வெடிக்க நேரமே கிடைக்காது. நான்காவது மாற்றம்தான் பெற்றோல். அதுவும் பாதிக்குப் பாதி கலந்ததால் சுமார் 93 அல்லது 94 ஆகியிருக்கும்.

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கத்து மாநிலங்களில் மற்ற இடங்களைவிட ஒக்டேன் குறைந்த பெற்றோலையே சாதாரணப் பெற்றோலாக விற்கும் வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் 87 என்றால் அங்கே 85. அவர்கள் எண்ணும் முறை வேறு. அவர்களுடைய 87 நம்முடைய 92க்குப் பக்கத்தில் வரும்.

நான் தொழில் பழகிய பெரியவர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டர் வைத்த பழைய கார்களுக்கு மலைநாட்டில் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சற்று முன்னால் தள்ளி வைப்பார். மெல்லிய காற்றுக்கு அது பொருத்தம், கார் துள்ளி ஏறும். அதே கார் கொழும்புக்கு இறங்கினால் தட்டத் தொடங்கும். உரிமையாளர் கொழும்புப் பெற்றோலைத் திட்டுவார். பெரியவர் சிரித்துக்கொண்டு ஸ்பானரை எடுப்பார்.

உங்கள் கார் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அங்கே சாதாரணப் பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 89தான், உயர்ரகம் 96. சாதாரணம் போதும் என்று செய்த எஞ்சினுக்கு நம் 92 தாராளம். பன்னிரண்டு வயதுக் கார் 92இல் தட்டுகிறது என்றால் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம். கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், தானும் கனன்று கொண்டிருக்கும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் கடைக்கும் குளிர் எஞ்சினோடு ஓடும் கார்களில் இதை நிறையப் பார்க்கிறேன்.

எல்ல வளைவு:

வெலிமடை கராஜ் பாஸ் சொல்வதெல்லாம் சரி, ஆனால் எல்லாருக்கும் 92 போதும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். என்னுடையது சிறிய ஐரோப்பிய டர்போ. பெற்றோல் மூடியின் உள்பக்கத்திலேயே குறைந்தது 95 என்று எழுதியிருக்கிறது. சிக்கனம் பிடிப்பதாக நினைத்து இரண்டு மாதம் 92 அடித்தேன். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் சிரித்துக்கொண்டு ஏறிய இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நொக் உணரி கண்டுபிடித்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறதாம். பெற்றோலும் கூடுதலாகக் குடித்தது. 95க்குத் திரும்பி இரண்டு தாங்கி ஓடியபின் பழைய கார் திரும்பி வந்தது. மலையில் காற்று மெல்லியதுதான், ஆனால் டர்போ அதை அமுக்கி உள்ளே தள்ளிவிடுகிறதே.

வெலிமடை கராஜ்:

டர்போவுக்கு உயரம் கைகொடுக்காது, உண்மை. கையேட்டில் 95 என்றிருந்தால் 95தான், பேச்சே இல்லை. 92 போதும் என்று எழுதிய காருக்கு 95 அடிப்பவர்களிடம்தான் என் வாதம். ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே 800 சிசி காருக்கு 95 அடித்துக்கொண்டு கராஜுக்கு வரும் பையன்களை என்ன செய்வது?

மூன்று சில்லு, ஹட்டன்:

பாஸ், அந்தப் பையன்களில் ஒருவன் என் தம்பி. பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நானுஓயாக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணனைத் திரும்ப அனுப்பிவைக்கக் கட்டுநாயக்கா போனேன். வேண்டுமென்றே முழுத் தாங்கியும் 92. திரும்பும்போது காரில் நானும் மனைவியும் மட்டும்; அதனால் இது சரியான சோதனை அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். கடுகண்ணாவையில் அதே வளைவில் நான்காவது கியரில் மிதித்தேன். ஆணிச் சத்தம் வந்தது, முன்பைவிட மெதுவாக. மூன்றாவதுக்கு இறங்கினேன். நின்றுவிட்டது. மறுபடி நான்காவது, மறுபடி சத்தம். மூன்றாவது முறை செய்தபோது, "வீட்டுக்குப் போகிறோமா, விளையாடுகிறோமா?" என்று மனைவி கேட்டதால் சோதனை அத்தோடு முடிந்தது.

வெலிமடை பாஸ், கரி பார்க்க வரும் சனிக்கிழமை காரைக் கொண்டுவரலாமா? காலை ஒன்பது மணிக்கு முன் என்றால் வசதி.

வெலிமடை கராஜ்:

வாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; வந்ததும் ஒரு மணித்தியாலம் காத்திருக்க நேரிடும். பழைய பிளக்குகளை ஏற்கெனவே மாற்றியிருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள், அவற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.