கூர்நோக்கு இல்லத்தில் ஒயிலாட்டம்: வாரத்துக்கு வாரம் பையன்கள் மாறுகிறார்கள், என்ன செய்வது?

தாராவி முருகன்:
வணக்கம். பகலில் தோல்பைக் கடையில் வேலை; மாலையில் 90 அடி சாலைப் பக்கம் பையன்களுக்கு ஒயிலாட்டம் பழக்குகிறேன். மும்பையில், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம் சொல்லித்தர அழைத்தார்கள். 3 வாரம் போயிருக்கிறேன். முதல் நாள் 16 பேர் ஆடினார்கள். அவர்களில் இப்போது மிச்சம் 5 பேர்தான், மற்றதெல்லாம் புதுமுகம். ஒவ்வொரு முறையும் முதல் அடவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கண்காணிப்பாளரோ ஆகஸ்ட் 15 அன்று மேடையேற்றலாமா என்கிறார்.

இன்னொன்று. தோளைத் தொட்டுத் திருத்தப் போனபோது ஒரு பையன் சட்டென்று இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். அதன் பிறகு எனக்கே அடவு மறந்துபோயிற்று. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள். பாதிப் பேருக்குத் தமிழும் தெரியாது.

செம்பூர் கோமதி:
தம்பி, நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். அது சிறை இல்லை. விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். மேலும் 2 மாதம் நீட்டிக்கலாம். ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுத்தால்தான் இந்த வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் காரணம் எழுத வேண்டும். ஆகவே ஒரு பையன் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போயிருப்பான் என்று சந்தோஷப்படுங்கள். அன்றைக்குத் தொடங்கி அன்றைக்கே முடிகிற ஆட்டமாகச் சொல்லிக்கொடுங்கள்.

படம் மட்டும் எடுத்துவிடாதீர்கள். பையனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "என்ன செய்துவிட்டு வந்தாய்?" என்றும் கேட்காதீர்கள். அதை ஏற்கெனவே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள்.

வாஷி கணேசன்:
ஆடினால் திருந்திவிடுவார்களா? வெளியே வந்தால் அதே சந்து, அதே கூட்டாளிகள். 2007இல் பிலிப்பைன்ஸின் செபு சிறையில் கைதிகளை மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கு ஆடவைத்த காணொளியை உலகமே பார்த்துக் கைதட்டியது. ஆடியவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது?

செம்பூர் கோமதி:
கணேசன் சார், திருத்துவதற்கு என்று யார் சொன்னார்கள்? கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய், சிறைவாசிகளைக் கொண்டே தாகூரின் 'வால்மீகி பிரதிபா'வை மேடையேற்றினார். கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதை. ஆனால் அங்கே ஆடியவர்கள் வளர்ந்தவர்கள், நீண்ட தண்டனைக்காரர்கள். ஒத்திகைக்கு ஆள் மாறாது. முருகனுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் மேடை வேண்டாம் என்கிறேன். போதாக்குறைக்கு, ஆகஸ்ட் 15 என்றால் விருந்தினர் வருவார், அவர் கைப்பேசியும் வரும்.

தாராவி முருகன்:
நேற்று போய்வந்தேன், கோமதி அக்கா. யாரையும் தொடவில்லை, எதிரே நின்று ஆடிக் காட்டினேன். வரிசையின் கடைசியில் யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்பது ஒயிலாட்டத்தில் எவ்வளவு பெரிய சௌகரியம் என்று நேற்றுதான் உறைத்தது. சலங்கைக்கு அனுமதி இல்லாததால் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினேன்.

அன்று குனிந்தானே, அந்தப் பையன் மராத்திக்காரன். "இது லேசிம் மாதிரி இருக்கிறதே" என்றான். லேசிம் என்பது சலங்கைத் தகடுகள் கோத்த கருவியைக் கையில் உலுக்கி ஆடும் மராத்தி ஆட்டம். பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறானாம். "அப்படியானால் நீ காட்டு" என்றேன். கையில் லேசிம் இல்லாமலே, இருப்பதுபோல் உலுக்கிக்கொண்டு 4 அடி வைத்தான். வரிசை முழுக்க அவனைப் பார்த்து ஆடியது, நானும்தான்.

கைக்குட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. கொடுத்தது 14, திரும்பியது 13. காவலர் முகம் மாறியது. பார்த்தால், ஒன்று இவன் மணிக்கட்டிலேயே கட்டியபடி இருந்தது. கழற்ற மறந்திருக்கிறான். முடிச்சு இறுகிவிட்டதால் என்னிடம் கையை நீட்டினான், அவிழ்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவனுக்கு ஜாமீன் விசாரணையாம். கண்காணிப்பாளருக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. மனம் நோகாமல் எப்படி மறுப்பது, அக்கா?